கரி மாநிலத்தின் மக்கள்தொகை

ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் நாடு மொத்தமும் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை ஐந்தாம் வகுப்பு டீச்சர் அதைக் குலுக்குவார். பிள்ளைகள் வரிசையில் வந்து ஆளுக்கொரு சீட்டு எடுப்பார்கள். சீட்டில் எந்த மாநிலமோ, அன்றிலிருந்து அந்த மாநிலத்துக்கு அந்தப் பிள்ளை பொறுப்பு. அதை ஆராய்ந்து, அட்டையில் எழுதி ஒட்டி, பெரிய அரங்கில் கல்வி அதிகாரி முன்னால் நின்று ஒப்பிக்க வேண்டும். தேறினால் ஆறாம் வகுப்பு. தேறாவிட்டால் இன்னொரு வருஷம் அதே பெஞ்சு, அதே டப்பா.

மாநிலங்களுக்குப் பேர் இருக்கத்தான் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அது தேவைப்படவில்லை. பால் கறப்பது பால் மாநிலம், மீன் பிடிப்பது மீன் மாநிலம், உருப்படியாக ஒன்றும் செய்யாதது சுற்றுலா மாநிலம். இப்படிக் கூப்பிட்டால் பிள்ளைகளுக்கு மறக்காது என்று தலைமையாசிரியை பல கூட்டங்களில் பேசிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

பிளம்பரின் மகள் எடுத்தது கரி மாநிலம்.

வீட்டில் அவளுக்கு வாலு என்று பேர். வாலு சீட்டைக் கொண்டுவந்து நீட்டியபோது அவள் அப்பா சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு மல்லாந்து கிடந்தார். ஊர்க் குழாய் ஒழுகலையெல்லாம் அடைக்கிறவர் வீட்டில் மட்டும் குழாய் ஒழுகிக்கொண்டே இருக்கும். சீட்டைப் படித்தவர் வெளியே வரவில்லை. வேற சீட்டு மாத்திக்க முடியாதா என்று உள்ளே இருந்தபடியே கேட்டார். மாத்தினா மார்க் போயிடும் என்றாள் வாலு. ஸ்பேனர் சுற்றுகிற சத்தம் நின்றுவிட்டது.

அவர் அங்கே பிறந்தவர். அது வாலுவுக்குத் தெரியாது. கரி மாநிலத்தில் இப்போது ஆளே கிடையாது என்பதும் தெரியாது. அப்பா அவள் வயசில் இருந்தபோது பூமிக்கு அடியில் கரி தீப்பிடித்தது. அணைக்கப் பார்த்தார்கள், அணையவில்லை, இன்றைக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. சனங்களைப் பஸ்ஸில் ஏற்றி நாலா திசையிலும் இறக்கிவிட்டு அரசாங்கம் கையைக் கழுவிக்கொண்டது. மாநிலத்தை மட்டும் கலைக்க முடியவில்லை. கலைப்பதற்கு ஒரு கமிட்டி வேண்டும், கமிட்டியில் அந்த மாநிலத்தில் குடியிருக்கிற ஒருவர் உறுப்பினராக இருக்க வேண்டும், குடியிருக்க அங்கே யாரும் இல்லை. ஆகவே மாநிலம் இருக்கிறது. வரைபடத்தில் இளஞ்சிவப்பு நிறம் அடித்திருப்பார்கள்.

அந்த வீட்டில் இன்னொரு விஷயம் உண்டு. பழைய கட்டடம், குழாய்க்குள் காற்று அடைத்துக்கொண்டால் சுவருக்குள் டொக் டொக் டொக் என்று தட்டும். மற்ற வீட்டில் யாராவது திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே அப்பா கையில் எடுத்த கவளத்தைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்துபோய், குழாயில் விரல் முட்டியால் ரெண்டு தட்டுத் தட்டுவார். பிறகு காதை வைத்துக் காத்திருப்பார். பிறகு வந்து சாப்பிடுவார். வேலைக்குப் போகிற வீடுகளிலும் இதே கதைதான், கேட்டால் காத்து இருக்கான்னு பாக்கறேன் என்பார். எல்லா அப்பாக்களும் இப்படித்தான் என்று வாலு நினைத்துக்கொண்டிருந்தாள். அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள், எதையும் சட்டென்று சொல்லிவிடுவாள். "எங்க வீட்டுல ஒரு பேயும் ஒரு பிளம்பரும் குடியிருக்காங்க, ரெண்டும் ஒரே ஆளு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கும் முழுசாகத் தெரியாது.

சரி, ஆராய்ச்சிக்கு வருவோம். பள்ளி நூலகத்தில் கரி மாநிலத்துக்கு ஒரே ஒரு புத்தகம். அதை வீட்டுக்குத் தரமாட்டார்கள், ஏனென்றால் கரி மாநிலம் பற்றிய புத்தகத்தை எடுத்துப்போகிறவர்கள் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது நூலகர் அம்மாவின் அனுபவம். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பக்கம் திருப்பத் திருப்பப் படித்துக்கொள்ளலாம். வாலு படித்து எழுதிக்கொண்டாள். மாநிலப் பறவை: மஞ்சள் குருவி. வாழுமிடம்: கூண்டு. பயன்: சுரங்கத்தில் விஷக்காற்று வந்தால் முதலில் செத்து மனிதர்களை எச்சரிக்கும். குணம்: இனிமையாகப் பாடும். மாநில மலர் என்ற இடத்தில் பரிசீலனையில் உள்ளது என்று போட்டிருந்தது. மக்களின் குணம் என்ற தலைப்புக்கு மட்டும் கல்வித் துறையே மூன்று விடை அச்சடித்துக் கொடுத்திருந்தது: உழைப்பாளிகள், விருந்தோம்புபவர்கள், மகிழ்ச்சியானவர்கள். ஒன்றில் டிக் போட்டால் போதும்.

மக்கள்தொகைக்கு ஒரு கட்டம். மூன்று இலக்கத்துக்குக் குறையாமல் எழுதவும் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது. வாலு டீச்சரிடம் போய், அங்கே ஆளே இல்லையாமே டீச்சர், நூலகர் அம்மா சொன்னாங்க, என்ன எழுத என்று கேட்டாள். டீச்சர் நல்லவர்தான், பாவம், அவருக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள். சைபர் போட்டால் அறிக்கை திரும்பி வந்துவிடும், இப்போதைக்குக் காலியாக விடு, அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

எல்லாவற்றுக்கும் மேலே கட்டாய வாக்கியம் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் துறையே எழுதிக் கொடுத்துவிடும், அதை ஒரு எழுத்து மாறாமல் மேடையில் சொல்ல வேண்டும், சொல்லாத பிள்ளை தேறாது. பால் மாநிலத்துக்கு, எங்கள் பசுக்கள் விருப்பத்தோடு பால் தருகின்றன. கரி மாநிலத்துக்கு, சுரங்கம் மூடப்பட்டபோது அனைவரும் பத்திரமாக வெளியேறினார்கள்.

மாநிலத்தின் சார்பில் ஒரு சான்றிதழும் வாங்கி வர வேண்டும் என்று விதி. அதற்காக ஒரு சனிக்கிழமை அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாலுவை மாநில இல்லத்துக்குக் கூட்டிப்போனார். போகும் வழியெல்லாம் அவர் முகம் சரியாக இல்லை.

கரி மாநில இல்லம் நல்ல பெரிய கட்டடம். வரவேற்பில் சோபா, சோபாவுக்கு எதிரே ஒரு கண்ணாடிப் பெட்டியில் கரிக்கட்டி. மேலாளர் என்று ஒருவர் இருந்தார், வெள்ளையும் சொள்ளையுமாக. ஒரு பிள்ளை தேடிக்கொண்டு வந்ததில் அவருக்கு ஏக சந்தோஷம். உட்காரவைத்துப் பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை.

"நாட்டுலயே புகார் வராத ஒரே மாநிலம் நம்மளது. தண்ணி வரலை, ரோடு சரியில்லைன்னு ஒருத்தர்கூட எழுதினது கிடையாது. மத்த இல்லத்துல எல்லாம் கூட்டம் அலைமோதும். இங்க பாருங்க, எவ்வளவு அமைதி. நிர்வாகம்னா இப்படி இருக்கணும்."

அப்பா வாயைத் திறந்தார். சுரங்கத்தை மூடும்போது உள்ளே இருந்தவங்க, என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மேலாளருக்கு அது புரிந்துவிட்டது, இந்தக் கேள்விக்கு அவரிடம் விடை தயாராக இருந்தது.

"எல்லாரும் பத்திரமா வந்துட்டாங்க. வராதவங்கன்னு யாராவது இருந்தா அவங்க எங்ககிட்ட வந்து சொல்லியிருப்பாங்க இல்ல? இத்தனை வருஷத்துல ஒருத்தரும் வரலையே."

சொல்லிவிட்டுச் சான்றிதழில் முத்திரை குத்தினார். அந்த அறையின் மூலையில் வெந்நீர்க் குழாய் ஒன்று போனது. முத்திரை குத்திய அதிர்வோ என்னவோ, அது டொக் டொக் டொக் என்றது. அப்பா எழுந்துபோய் ரெண்டு தட்டு தட்டிவிட்டு வந்தார். மேலாளர் ரிப்பேர் செய்ய வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொன்னார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் வாலு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எதுக்குப்பா எப்பப் பாத்தாலும் ரெண்டு தட்டற? அவர் ரெண்டு பஸ்ஸை விட்டுவிட்டார். பிறகு சொன்னார்.

சுரங்கத்துக்குள் காற்று அனுப்ப ஊர் நடுவே ஒரு இரும்புக் குழாய் போகும். உள்ளே ஆபத்து என்றால் கீழே இருப்பவர்கள் அதில் மூன்று தட்டு தட்டுவார்கள். நாங்க இருக்கோம், மேல யாராவது இருக்கீங்களா என்று கேட்கிறார்கள் என்று அர்த்தம். கேட்டவர் யாரானாலும், குளித்துக்கொண்டிருந்தாலும், சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும், ஓடிப்போய் ரெண்டு தட்டணும். இருக்கோம், வர்றோம். நடக்கப் பழகின பிள்ளைக்கு அந்த ஊரில் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். மூணு தட்டு கேட்டால் அங்கே பிறந்தவன் கை சும்மா இருக்காது, அவனே அடக்கினாலும் அடங்காது.

தீ பரவாமல் இருக்கச் சுரங்கத்தின் வாயை அடைத்துவிடணும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. அடைத்தார்கள். உள்ளே ஒரு ஷிப்ட் ஆட்கள் இருந்தார்கள், அதில் வாலுவின் தாத்தாவும் ஒருத்தர். சிமென்ட் காயும்வரைக்கும் குழாய் தட்டியது, காய்ந்த பிறகும் தட்டியது. ஊரே மாற்றி மாற்றி நின்று ரெண்டு ரெண்டாகப் பதில் தட்டியது. அப்புறம் பஸ் வந்தது. ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்து ஏற்றினார்கள். அப்பாவின் கை குழாயில் இருந்தபோதே அவரைத் தூக்கிவிட்டார்கள். பஸ் கிளம்பும்போது இன்னொரு மூணு தட்டு கேட்டது. அதற்கு யாரும் பதில் தட்டவில்லை.

"அதுக்குத்தான் இப்பத் தட்டிட்டிருக்கேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. வாலு அவரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்தக் கட்டாய வாக்கியத்தைச் சொல்லமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், முடியவில்லை, அப்பாவைக் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போகச் சொல்லிவிட்டார். தலைமையாசிரியை அறையில் போன வருஷத்து மாநிலங்களெல்லாம் சுருட்டி வைக்கப்பட்டு மூலையில் சாய்ந்திருந்தன. அவர் பொறுமையாகக் கேட்டார், நடுவில் குறுக்கிடவே இல்லை. அதனால் அப்பாவுக்குக் கொஞ்சம் நம்பிக்கைகூட வந்துவிட்டது. கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா தாத்தாவுக்குன்னு அறிக்கையில தலைப்பு கிடையாது. நாளைக்கு எல்லாப் பிள்ளைகளும் தாத்தாவைக் கொண்டுவந்தா நான் என்ன பண்ணுவேன்? ரொம்ப ஆசைன்னா ஒண்ணு செய்யலாம். பிற கனிமங்கள்னு ஒரு தலைப்பு காலியா இருக்கு. அதுல ஒரு வரி சேர்த்துக்கச் சொல்லுங்க. ஆனா கட்டாய வாக்கியம் கட்டாயம்."

அப்பா வேண்டாங்க மேடம் என்றார்.

வீட்டில் அன்றைக்குச் சண்டை. ஒரு வரிதானே, சொல்லிட்டு வந்துடு என்று அம்மா சொன்னாள். அப்பாவும் அதையேதான் சொன்னார், அதுதான் அவருக்கே தாங்கவில்லை. பிள்ளை ஒரு வருஷம் பின்தங்கக் கூடாது, செத்தவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு சொன்னார். வாலு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். நீ சொல்லுவியாப்பா? அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அறிக்கை நாள் வந்தது. பெற்றவர்கள் முகத்தில் பவுடரும் பிள்ளைகள் முகத்தில் பயமுமாக அரங்கம் நிறைந்திருந்தது. அப்பா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். உள்ளே நுழைந்ததுமே அவர் கண்ணில் பட்டது மேடையோரமாகப் போகிற பழைய இரும்புக் குழாய்தான். சுவரோடு சுற்றி வந்து அவர் தோளுக்குப் பக்கத்திலேயே போனது. பார்க்காமல் இருக்க முயற்சி செய்தார்.

கல்வி அதிகாரி வந்து முன்வரிசையில் இரும்புக் கைப்பிடி வைத்த நாற்காலியில் அமர்ந்தார். அப்பா வயசுதான் இருக்கும், விரலில் பெரிய மோதிரம், உடம்பெல்லாம் அதிகாரம். பேசச் சொன்னதும் எழுந்தார்.

"நான் பால் மாநிலத்துக்காரன். பால் குடிச்சு வளர்ந்தவன். என்னோட இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒண்ணு கத்துக்கிட்டேன். அறிக்கைக்குத் தலைப்பு சரியா இருந்தா போதும், உள்ள இருக்கறதை அப்புறம் பாத்துக்கலாம். உண்மையைச் சொல்லணும்தான், யார் இல்லைன்னா. ஆனா ஐந்தாம் வகுப்பு அளவுக்குச் சொன்னா போதும்."

பலத்த கைதட்டல். கைதட்டல் எவ்வளவு நேரம் என்பதும் அழைப்பிதழில் அச்சாகியிருந்தது.

ஒவ்வொரு மாநிலமாக வந்தது. பால் மாநிலம் செம்பைத் தட்டிவிட்டு அழுதது. மீன் மாநிலத்தின் அட்டை நாறியது, உண்மையான மீன் ஒட்டியிருந்தார்கள். சுற்றுலா மாநிலம் எல்லாரையும் வருக வருக என்று சொல்லிவிட்டு அடுத்தது மறந்துபோய் மறுபடியும் வருக வருக என்றது. அதிகாரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

வாலு மேடைக்கு வந்தாள். பறவை சொன்னாள், கூண்டு சொன்னாள். மலர் பரிசீலனையில் இருக்கிறது என்றாள். பிற கனிமங்கள் இல்லை என்றாள். அதற்கு அடுத்தது கட்டாய வாக்கியம். அவள் நிறுத்திவிட்டாள். டீச்சர் மேடைக்குக் கீழிருந்து உதட்டை அசைத்து அசைத்து எடுத்துக்கொடுத்தார். கடைசி வரிசையில் அப்பா, சொல்லிடு கண்ணு, சொல்லிடு என்று வாய்க்குள் முனகினார். சொல்லிவிடுவாளோ என்று அவருக்குப் பயமாகவும் இருந்தது.

"கடைசியா மாநில வணக்கம்" என்றாள் வாலு, அந்த வரியைத் தாண்டிப்போய். அப்படி ஒரு தலைப்பு உண்டுதான், அந்தந்த மாநிலத்தார் ஒருவருக்கொருவர் எப்படி வணக்கம் சொல்வார்கள் என்று செய்து காட்ட வேண்டும். அவள் பாவாடைப் பைக்குள்ளிருந்து அப்பாவின் ஸ்பேனரை எடுத்தாள். மேடையோரம் போய் அந்த இரும்புக் குழாயில் ஓங்கி மூன்று தட்டு தட்டினாள்.

சத்தம் சுவரோடு அரங்கம் முழுக்கச் சுற்றி வந்தது. குழந்தைகள்கூடப் பேச்சை நிறுத்தினார்கள். அப்பாவின் கை எழுந்துவிட்டது. அவர் அதை இன்னொரு கையால் பிடித்து மடிக்குள் அழுத்திக்கொண்டார். இப்போது தட்டினால் அவள் அந்த வரிக்குத் திரும்பவே மாட்டாள், பிள்ளையின் வருஷம் போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

டொக் டொக்.

முன்வரிசையிலிருந்து வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கல்வி அதிகாரியின் மோதிர விரல் நாற்காலியின் இரும்புக் கைப்பிடி மேல் இருந்தது. அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், யாருடைய விரலோ அங்கே வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி. முகத்தில் ரத்தமே இல்லை.

அப்பாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பால் மாநிலமாவது, பால் குடித்ததாவது. அவர் கையை விட்டார். தோள் பக்கத்துக் குழாயில் ரெண்டு தட்டு தட்டினார். அதிகாரி மெதுவாகத் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

தலைமையாசிரியைதான் குனிந்து அதிகாரி காதில், பிள்ளை கட்டாய வாக்கியத்தை விட்டுட்டா சார், தேறாதுன்னு குறிச்சிடலாமா என்று கேட்டார்.

"விடுங்க. அது பொய்" என்றார் அதிகாரி. அவர் சர்வீஸில் அந்த மாதிரி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது அதுவே முதல் தடவை. பிறகு எழுந்து மேடைக்குப் பக்கத்தில் வந்து, வாலுவின் அட்டையை அண்ணாந்து பார்த்தார். மக்கள்தொகைக் கட்டம் ஏம்மா காலியா இருக்கு என்று கேட்டார். சைபர் போடக்கூடாதாம் சார் என்றாள் வாலு.

"ரெண்டுன்னு போடு."

மூணு இலக்கத்துக்குக் குறையக் கூடாது சார், உங்க கையெழுத்துல வந்த உத்தரவுதான் என்று தலைமையாசிரியை பின்னாலிருந்து ஞாபகப்படுத்தினார். அதிகாரி யோசித்தார். விதி விதிதானே. வாலு பென்சிலை எடுத்து, சைபர், சைபர், ரெண்டு என்று கட்டத்துக்குள் அழகாக எழுதினாள். தலைமையாசிரியைக்குத் திருப்தி. அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று மைக்கில் அறிவித்தார். உடனே அழைப்பிதழில் போட்டிருந்தபடி கைதட்டல் ஆரம்பித்தது.

ரெண்டு பேர் மட்டும் தட்டவில்லை. கடைசி வரிசையில் பிளம்பர் குழாயில் காதை வைத்துக்கொண்டிருந்தார். மேடையோரம் கல்வி அதிகாரி, கோட்டு சூட்டோடு முட்டி போட்டு, அதே குழாயில் காதை வைத்துக்கொண்டிருந்தார். பதில் தட்டினால் கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும் என்பது அந்த ஊர்ப் பழக்கம்.

வாலு மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"கொஞ்சம் கைதட்டாம இருங்க. அவங்க தட்டறது கேக்கலை."